வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்

அவர் மந்திரியான செய்தியை வெட்டி எடுத்தவள் நான்தான். அதுதான் என் வேலை. ரங்கூனில் தாய்லாந்துக்காரர்களின் தூதரகத்தில், காலையில் வரும் பர்மியப் பத்திரிகைகளைப் படித்து, அவர்கள் நாட்டைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் கத்தரித்து, வெள்ளைக் காகிதத்தில் ஒட்டி, கீழே ஆங்கிலத்தில் சாரம் தட்டச்சு செய்து, பத்து மணிக்குள் மாடிக்கு அனுப்ப வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் இதையே செய்தேன். பசை நாற்றம் என் கையை விட்டுப் போனதே இல்லை.

அன்றைக்கு இரண்டாம் பக்கத்தில் அவர் படம். கோட்டு, டை, நரைத்த கிருதா, உதட்டைப் பிரிக்காத அதே சிரிப்பு. "அடப்பாவி, நீயா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவள் பர்மாக்காரி, நான் திட்டியது தமிழில், அதனால் பிழைத்தேன்.

அந்த மனிதரைப் பதினைந்து வருடத்துக்கு மேலாக நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். காணாமல்போன என் தம்பியைத் தேடிப் பார்க்கிறேன் என்று காகிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிறகு கையை விரித்தவர் என்று. நான் திட்டியதில் நியாயம் இருக்கிறது என்று சத்தியமாக நம்பினேன். அது எப்படித் தப்பாகப் போயிற்று என்பதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் க்யிம்யிண்டைங்கில், படகுத்துறைக்குப் போகும் தெருவில், ஒரு மரவீட்டு மாடியில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். நான் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள்ளேயே போய்விட்டார். அப்புறம் அம்மா, நான், என்னைவிட ஆறு வயது இளைய தம்பி, இவ்வளவுதான் குடும்பம். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். "ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டுடி" என்பது அம்மா தினமும் எனக்குச் சொல்லும் காலை வணக்கம். தம்பி வேறு மாதிரிக் கிண்டல் செய்வான். குளிர்காலத்திலும் குடை எடுத்துப் போவேன், பூட்டிய பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன் என்பதால் அவனுக்கு நான் முன்ஜாக்கிரதை முத்தம்மா.

எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் இரண்டு பெயர். இதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிறந்ததும் குலதெய்வத்தின் பெயரையோ பாட்டனார் பெயரையோ வைப்போம். அது வீட்டுப் பெயர். ஆறாவது வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், சயாமா, அதாவது டீச்சரம்மா, பிறந்த கிழமையைக் கேட்டு அதற்கேற்ப ஒரு பர்மியப் பெயரை எழுதிக்கொள்வார். அது பள்ளிக்கூடப் பெயர். குடும்பப் பட்டியல், அடையாள அட்டை, கல்லூரிச் சான்றிதழ் எல்லாம் அந்தப் பெயரில்தான். சிநேகிதர்களுக்கும் அதுதான் தெரியும். வீட்டுப் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. அம்மா சோற்றுக்குக் கூப்பிடவும், கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லவும், செத்தால் எள்ளும் தண்ணீரும் விடவும் மட்டும் அது.

பின்னாளில் மந்திரியான அவர் எண்பத்தெட்டின் தொடக்கத்தில் எங்கள் தூதரகத்துக்கு இரண்டாம் செயலாளராக வந்து சேர்ந்தார். முப்பத்திரண்டு வயது இருக்கும். பச்சை மாங்காயை மிளகாய்ச் சர்க்கரையில் தொட்டுத் தின்றுகொண்டே என் காகிதங்களைப் படிப்பார். பர்மியப் பேச்சு கற்றுக்கொண்டிருந்தார், சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்பார். பதிலுக்கு அவர் தொழிலின் அகராதியை எனக்குக் கற்றுக்கொடுத்தார். எங்களுக்குள் பேச்சு ஆங்கிலத்தில்தான். அவர் ஒவ்வொரு சொல்லாக எண்ணிப் பேசுவார், அதனால் அவர் பேச்சை அச்சுத் தமிழில் எழுதுவதே பொருத்தம்.

"'பரிசீலிக்கிறோம்' என்றால் மறந்துவிட்டோம் என்று அர்த்தம். 'கவனத்தில் கொள்கிறோம்' என்றால் செய்யமாட்டோம். 'எங்களிடம் அப்படித் தகவல் இல்லை' என்றால் தகவல் இருக்கிறது, உங்களுக்குத் தரமாட்டோம்."

"அப்ப நிஜமாவே தகவல் இல்லன்னா என்ன சொல்வீங்க?"

"அதற்கும் அதையேதான் சொல்லியாக வேண்டும்," என்று சிரித்தார். "இன்னொன்று. யார் சொல்லித் தெரிந்தது என்பதை மட்டும் என்றைக்கும் வெளியே விடக் கூடாது. விட்டால் அந்த ஆளுக்கு ஆபத்து."

நல்ல பாடம் என்று நினைத்துக்கொண்டேன். என் சுபாவத்துக்கும் பொருந்தியது.

ஆகஸ்டில் ஜனநாயகம் கேட்டு ஊரே தெருவில் இறங்கியது. தம்பி கல்லூரியில் இரண்டாம் வருடம். கொடியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களில் இவனும் ஒருவன் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சுட்டார்கள். திரும்பி வந்தான். மறுபடி போனான். செப்டம்பரில் பட்டாளம் ஆட்சியை எடுத்துக்கொண்ட பிறகு அவன் பெயர் தேடப்படுகிறவர்கள் பட்டியலில் இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தான். அம்மா ரசம் சாதம் பிசைந்து போட்டாள். நின்றுகொண்டே சாப்பிட்டான். இரண்டு சட்டையும் அப்பாவின் டார்ச்சையும் எடுத்துப் பைக்குள் திணித்தான்.

"எங்கடா போற?" என்றேன்.

"கிழக்கே. கூட நாலு பேர் இருக்காங்க. அக்கா, எம்.ஐ. காரன் வந்தா எனக்கும் உங்களுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்லன்னுடு. என்னால உங்களுக்கு ஒண்ணும் வரக் கூடாது."

"பெரிய மனுசன்! வாய மூடிட்டு இன்னொரு வாய் சாப்பிடு," என்றேன். கடைசியாக அவனிடம் நான் பேசியது அதுதான்.

எம்.ஐ. என்று நாங்கள் சொன்னது ராணுவ உளவுக்காரர்களை. பத்து நாளில் வந்தார்கள், சாதாரணச் சட்டையும் லுங்கியும் கட்டிய இரண்டு பேர். குடும்பப் பட்டியலை வாங்கிப் பார்த்து, பள்ளிக்கூடப் பெயரைச் சொல்லி அவன் எங்கே என்று கேட்டார்கள். வகுப்புப் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு மாதம் இரண்டு தரம் வருவது வழக்கமாகிவிட்டது. அம்மா அவர்களுக்குத் தேநீர் கொடுப்பாள். தட்டில் பாதி சிந்திவிடும்.

மாணவர்கள் தாய்லாந்து எல்லையில், ஆற்றோரக் காட்டில் மூங்கில் கொட்டகை போட்டுக் கிடக்கிறார்கள் என்று செய்தி வந்தது. மலேரியாவில் கொத்துக் கொத்தாக விழுகிறார்கள் என்றும் வந்தது. சிலரை அக்கரைக்குக் கொண்டுபோய் மருந்து கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்களாம். அம்மா என்னை விடவில்லை.

"ஒங்க ஆபீஸ்தான் தாய்லாந்து ஆபீஸாச்சே. அந்தப் புது ஆபீசர் புள்ளகிட்ட ஒரு வார்த்த கேளேண்டி."

கேட்டேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"பெயரை எழுதுங்கள். யாருக்கும் தெரியாமல் பார்க்கிறேன். ஆள் கிடைத்தால் பேங்காக்கில் வைத்துக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது."

முதலில் பள்ளிக்கூடப் பெயரைத்தான் எழுதினேன். எழுதி முடித்ததும்தான் உறைத்தது. எம்.ஐ. தேடுவது இந்தப் பெயரைத்தானே? இந்தத் துண்டு எங்கேயாவது விழுந்தால்? காகிதத்தைக் கிழித்து அவருடைய சாம்பல் கிண்ணத்தில் போட்டுக் கொளுத்தினேன். வேறு துண்டு வாங்கி வீட்டுப் பெயரை எழுதினேன். தமிழ்ப் பெயர், எந்தப் பட்டியலிலும் இல்லாத பெயர், எவன் கையில் கிடைத்தாலும் ஒன்றும் புரியாது. தலைமறைவாகப் போகிறவன் யாருக்கும் தெரியாத பெயரைத்தானே வைத்துக்கொள்வான், எனக்குத் தோன்றியது அவனுக்கும் தோன்றாமலா போகும்? அப்படியெல்லாம் யோசித்தேன். அந்த நிமிடத்தில் என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"இது போதுமா?" என்று கேட்டார்.

"போதும் சார். யார் கொடுத்தாங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"அதை எனக்குச் சொல்ல வேண்டுமா," என்றார்.

குளிர்காலத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். மூன்று வாரம் கழித்து வந்தபோது முகம் கறுத்திருந்தது, வலது காலை நொண்டினார். கடற்கரைப் பாறையில் வழுக்கி விழுந்தாராம், அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். குடும்பத்தோடு உல்லாசமாகத்தான் போயிருக்கிறார் என்று எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்தப் பெயரில் யாரும் இல்லை. எங்களிடம் அப்படித் தகவல் இல்லை."

அவருடைய அகராதி, அவருடைய வாயாலேயே. எனக்கா புரியாது? ஒன்று, இந்த ஆள் காகிதத்தைக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தெரிந்தும் மறைக்கிறார். "தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன்பிறகு அவர் ஏதாவது பர்மியச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டால், "அகராதியில இருக்கு சார்" என்பேன். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓட்டினேன். இரண்டு மூன்று முறை என் மேசை வரை வந்து நின்றார். நான் தலையை நிமிர்த்தவில்லை.

வீட்டில் அம்மா கேட்டாள், "தேடுனாராமா?"

"தேடுனாரு, கிழிச்சாரு! எல்லாம் பூசி மெழுகுற ஜாதிம்மா அது."

"கோவிச்சுக்காம இன்னொரு தரம் கேட்டுப் பாரேண்டி. புள்ள விஷயம்."

"மானங்கெட்டுப் போயி இன்னொரு தரம் நிக்க மாட்டேன்."

இதைத்தான் இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை. இன்னொரு தரம் கேட்டிருந்தால், கோபப்படாமல் நாலு வார்த்தை பேசியிருந்தால், வேறு பெயர் உண்டா என்று அவர் கேட்டிருப்பார். நானும் சொல்லியிருப்பேன். பேச்சை அன்றைக்கே முறித்துக்கொண்டு வந்தவள் நான்.

தொண்ணூறில் அவரை மாற்றினார்கள். அதோடு ஒழிந்தார் என்று இருந்தேன். ஒழியவில்லை. என் கத்தரிக்கோலுக்கு இரை போட்டுக்கொண்டே இருந்தார். ஏதோ மாநாட்டில் பின்வரிசையில் நிற்கிறார், வெட்டினேன். சில வருடம் கழித்து முன்வரிசையில் நிற்கிறார், வெட்டினேன். ஒரு தூர தேசத்துக்குத் தூதராகப் போனார். பிறகு வேலையை விட்டுவிட்டுக் கட்சியில் சேர்ந்தார், தேர்தலில் நின்றார், ஜெயித்தார். ஒவ்வொன்றையும் ஓரம் பிசகாமல் வெட்டி ஒட்டினேன். வேலையில் நான் பிசகமாட்டேன். 'ஏழையின் வயிற்றெரிச்சல் உன்னை ஒன்றும் செய்யவில்லையே' என்று மட்டும் பசை தடவும்போது நினைத்துக்கொள்வேன்.

வீட்டில் காலம் வேறு விதமாகப் போயிற்று. அமாவாசைக்கு அப்பாவுக்குப் படையல் போடும்போது தெருவிலுள்ள பெரியவர்கள், பையனுக்கும் சேர்த்து ஏதாவது செய்துவிடுங்கள், இத்தனை வருடம் ஆகிவிட்டதே என்பார்கள். அம்மா சீறுவாள். "உசிரோட இருக்கிற புள்ளைக்கு எள்ளுத் தண்ணி விடச் சொல்றீங்களா? நாக்கு அழுகிப் போகும்!" என் கோபம் யாரிடமிருந்து வந்தது என்று அப்போது தெரியும். ஒருநாள் வார்டு அலுவலகத்தில் குடும்பப் பட்டியலைப் புதுப்பித்தபோது, தம்பியின் பெயர்மேல் சிவப்பு மையால் கோடு போட்டார்கள். அம்மா அந்தப் பட்டியலை வீட்டுக்குக் கொண்டுவந்து, சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அந்தக் கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காகிதம் பிய்ந்ததுதான் மிச்சம்.

தொண்ணூற்றெட்டில் அம்மா போனாள். கடைசி வாரம் முழுக்கப் படிக்கட்டில் சத்தம் கேட்டால் கண் திறப்பாள். "அவன் வந்தா திட்டாதடி" என்றாள் என்னிடம். "சோறு போட்டுட்டு அப்பறம் திட்டிக்க." கொள்ளி வைக்க மகன் இல்லை, நானே வைத்தேன். பெண் வைக்கலாமா என்று ஒருவர் முணுமுணுத்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அவர் மந்திரியான சில மாதத்தில் ரங்கூனுக்கு வருவதாகச் சொன்னார்கள். தலைநகரைக் காட்டுக்குள் கட்டிய புது ஊருக்கு இன்னும் மாற்றவில்லை, மந்திரிகள் எல்லோரும் இங்கேதான் வந்தாக வேண்டும். மிங்கலாடோன் விமான நிலையத்திலிருந்து வழி முழுக்கக் கொடி. தூதரகத்தில் தரைக்கு மெழுகு பூசி, எங்களுக்குப் புது லுங்கி கொடுத்து, பழைய ஊழியர்களை வரிசையாக நிறுத்தினார்கள். நான் ஐந்தாவது. பூனை மாதிரி ஓரமாக நின்று, வணங்கிவிட்டுப் போய்விடலாம் என்று இருந்தேன். கண்ணைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானம்.

அவர் வரிசையில் வந்தார், என் முன்னால் நின்றுவிட்டார். "உங்கள் தம்பி வந்தாரா?" என்று கேட்டார்.

பதினாறு வருடத்தில் என்னிடம் அதைக் கேட்ட முதல் வெளியாள் அவர். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மந்திரியாவது மண்ணாங்கட்டியாவது. "அந்தப் பேர்ல யாரும் இல்லன்னு நீங்கதானே சார் சொன்னீங்க," என்றேன். தூதரின் முகம் வெளுத்தது. மந்திரி தன்னோடு வந்தவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டு, "உங்கள் அறையில் ஐந்து நிமிடம்," என்று என் பின்னாலேயே வந்தார். செய்தித்தாள் கட்டுகளுக்கு நடுவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார்.

"நான் போனேன்," என்றார்.

"எங்க?"

"விடுப்பில், முகாம்களுக்கு. வேறு யாரையும் அனுப்பப் பயமாக இருந்தது, நானே போனேன். மூன்று முகாம். ஒவ்வொன்றிலும் எல்லோரையும் உட்காரவைத்து உங்கள் தம்பி பெயரை நானே கூப்பிட்டேன். தமிழ்ப் பெயர், சரியாகச் சொல்ல வேண்டுமே என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்." அந்தப் பெயரைச் சொன்னார். அம்மா போன பிறகு அந்தப் பெயரை இன்னொருவர் வாயில் நான் கேட்டதில்லை. துளி பிசகாமல் சொன்னார். "திரும்பும்போது காட்டு ஓடையில் விழுந்துதான் கால் பிசகியது."

நான் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்களிடம் ஒரு விஷயத்தை மறைத்தேன். இரண்டாவது முகாமில் ஒரு பையன் சுரத்தில் படுத்திருந்தான். நான் பெயரைக் கூப்பிட்டதும் அவன்தான் தலையைத் தூக்கினான். 'அந்தப் பேர் ஒங்களுக்கு யார் குடுத்தாங்க?' என்று பர்மியத்தில் கேட்டான். நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது அல்லவா? தேடுகிறார்கள், அவ்வளவுதான் என்றேன். என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். பிறகு, 'அந்தப் பேர்க்காரன் செத்துட்டான், அப்படியே எழுதிக்கிட்டுப் போங்க' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். சுரத்தில் உளறுகிறவன் பேச்சை நம்பி ஒரு தாயிடம் சாவுச் செய்தி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் யாரும் இல்லை என்று சொன்னேன். அது எந்த வகைப் பொய் என்று உங்களுக்குப் புரியும் என்று நினைத்தேன்."

"அந்தப் பையன் பேர் என்ன?"

"பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ பர்மியப் பெயர் சொன்னார்கள். நினைவில்லை. வேறு பெயர் என்பதால் நான் எழுதிக்கொள்ளவில்லை."

"ஆள் எப்படி இருந்தான்?"

"ஒல்லி. கறுப்பு. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது, இரண்டு காதிலும் குத்திய துளை இருந்தது. பர்மாவில் பையன்களுக்குக் காது குத்தமாட்டார்களே என்று யோசித்தேன்."

அவனுக்கு மூன்று வயதில் காது குத்தியபோது மடியில் உட்காரவைத்துத் தலையைப் பிடித்துக்கொண்டவள் நான். மாமன் யாரும் இந்த ஊரில் இல்லாததால் நான் பிடித்தேன். வீறிட்டு அழுது என் கையைக் கடித்துவிட்டான்.

"சார், அது அவன்தான்," என்றேன். "எங்களுக்கு ரெண்டு பேர் உண்டு. நான் ஒங்களுக்கு வீட்டுப் பேர மட்டும்தான் குடுத்தேன்."

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. "தன் பெயர்தானே? ஏன் இல்லை என்று சொன்னான்?"

சொல்லச் சொல்லத்தான் எனக்கே விளங்கியது. அந்தப் பெயர் காட்டில் யாருக்கும் தெரியாது. அது இருந்தது அம்மா வாயிலும் என் வாயிலும்தான். முன்பின் தெரியாத ஓர் அதிகாரி கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவன் என்ன நினைப்பான்? எம்.ஐ. அம்மாவையும் அக்காவையும் உட்காரவைத்து, அடித்துப் பிடுங்கிய பெயர் என்றுதான் நினைத்திருப்பான். தான் செத்துவிட்டதாக எழுதிக்கொண்டு போனால் எங்களை விட்டுவிடுவார்கள். சுரத்தில் அவன் உளறவில்லை. எங்களைக் காப்பாற்றினான்.

"ஒங்க அக்கா அனுப்பினான்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. சொல்லாதீர்கள் என்றவள் நான்தானே.

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவனிடம் என் போர்வையையும் கொஞ்சம் மாத்திரையையும் விட்டு வந்தேன்," என்றார். "மறுவருடம் மருந்து கொண்டுபோன ஒருவரிடம், அந்தக் காது குத்திய பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். மழைக்காலத்தைத் தாண்டவில்லை என்றார். எனக்கு அவன் யாரோ ஒரு பையன். உங்கள் மேசைக்கு வந்து வந்து நின்றேனே, முகாம்களில் இன்னொரு தரம் விசாரிக்க வேறு ஏதாவது அடையாளம் கேட்கலாம் என்றுதான். நீங்கள் நிமிரவே இல்லை."

நான் ஓவென்று அழுதேன். மந்திரி முன்னால், செய்தித்தாள் கட்டுகளின்மேல் தலையை வைத்து, அம்மா செத்தபோதுகூட அழாத அழுகை. யாரோ கதவைத் தட்டினார்கள், நேரமாகிவிட்டதாம். அவர் எழுந்தார். அவர்கள் வழக்கப்படி சின்னவர்தான் முதலில் கை குவிக்க வேண்டும், பெரியவர் பதிலுக்கு மார்பளவில் குவித்தால் போதும். அவர் நெற்றி வரை கையை உயர்த்தி, தலை குனிந்து, எனக்கு முதலில் கும்பிட்டார். நான் பதிலுக்குக் கும்பிட்டேனா என்று நினைவில்லை.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. பெரிய நாற்காலிகளில் இரண்டு நாட்டு மந்திரிகள், நடுவில் பூச்சாடி. இருதரப்பு நட்பு பற்றிப் பேசினார்களாம். வெட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓரம் கோணிப்போயிற்று. அவர் மந்திரியாக அதிக நாள் இருக்கவில்லை. அவர்கள் ஊரிலும் பட்டாளம் ஆட்சியை எடுத்துக்கொண்டது. அதன்பிறகு அவர் பெயர் என் மேசைக்கு வரவே இல்லை. என்றைக்காவது வருமா என்று வேலையை விடும் வரை தேடினேன்.

அவர் வந்துபோன அந்த வருடமே மகாளய அமாவாசைக்குக் கோயிலுக்குப் போனேன். செத்த நாள் தெரியாதவர்களுக்கு அன்றைக்குத்தான் செய்வது. எள், தர்ப்பை, வாழையிலை எல்லாம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஐயர் என்னைப் பார்த்துத் தயங்கினார்.

"ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?"

"இருந்தவனுக்குத்தான் செய்ய வந்திருக்கேன். ஆரம்பிங்க."

"பேர் சொல்லுங்க."

வீட்டுப் பெயரைச் சொன்னேன். பிறகு பள்ளிக்கூடப் பெயரையும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பர்மாப் பேருக்கெல்லாம் தர்ப்பணம் வழக்கமில்லைம்மா. வீட்டுப் பேர் ஒண்ணு சொன்னாப் போதும்."

"போதாது சாமி. ஒரு தரம் அப்படிக் கூப்பிட்டு அவன் வரல. ரெண்டையும் சொல்லுங்க."

அவர் சரி என்று தலையை ஆட்டிவிட்டு, என் கையில் எள்ளை வைத்துத் தண்ணீர் ஊற்றப் போனார். நான் கையை மூடிக்கொண்டேன்.

"இன்னும் ஒண்ணு. கூப்பிடுறது யாருன்னும் சேத்துச் சொல்லுங்க," என்றேன். "ஒங்க அக்காதான் கூப்பிடுறான்னு சொல்லுங்க."